வரவும் செலவும்

செல்வத்தைப் பற்றிப் பேசும் தகுதி எனக்கில்லை. மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தனாகப் பணிபுரியும் நான், மாதத்தின் முதல் வாரத்தில் செல்வனாகவும் கடைசி வாரத்தில் ஏழையாகவும் வாழ்ந்து பழகியவன். ஆயினும் ஒரு ரூபாயைக் காக்கும் வகையை மாணவப் பருவத்திலேயே கற்றேன். கற்பித்தது கல்லூரி அன்று. திருப்பதியில் இருந்த ஓர் அடகுக் கடை.

1996-ஆம் ஆண்டு பி.ஏ. வகுப்பில் சேரச் சித்தூரிலிருந்து திருப்பதிக்குச் சென்றேன். ஏறத்தாழ எழுபது கிலோமீட்டர் தொலைவுதான். எனக்கோ அது வேறு உலகம். தந்தையார் சித்தூர் வெல்ல மண்டி ஒன்றில் கணக்கர். மாதந்தோறும் 600 ரூபாய் மணியார்டர் வரும். இருபது ரூபாய்க்கு ஒரு ரூபாய் வீதம், அதை அனுப்ப அவர் முப்பது ரூபாய் கட்டணம் செலுத்தினார் என்பதை அன்று நான் எண்ணிப் பார்த்ததில்லை. செய்தி எழுதும் இடத்தில் 'வாடகை 120, சாப்பாடு 400, மற்றவை 80' என்று மட்டும் இருக்கும். நலமா என்று ஒரு சொல் இராது. அது எனக்குக் கசந்தது.

'மற்றவை' என்னும் அந்த 80 ரூபாய் பத்தாந்தேதிக்குள் கரைந்துவிடும். திரையரங்கும் தேநீர்க் கடையும் அதை விழுங்கின. மாதக் கடைசியில் சாப்பாட்டுப் பணமும் தீர்ந்தால், ஞாயிறன்று நண்பர்கள் சேர்ந்து அலிபிரிப் படிகளில் ஏறுவோம். 1985-இல் தொடங்கிய நித்திய அன்னதானம் மலைமேல் எங்களுக்கும் இலை போட்டது. எங்களை மலையேற்றியது பக்தியா, பசியா என்பதை ஏழுமலையான் ஒருவனே அறிவான்.

ஊரை விட்டுப் புறப்பட்ட நாளில், "ஆபத்துக்கு உதவும்" என்று அம்மா தன் மோதிரத்தைக் கொடுத்திருந்தார். 1997 பிப்ரவரியில் அதை 500 ரூபாய்க்கு அடகு வைத்தேன். வந்த ஆபத்து யாதெனில், நண்பர் முன் சிறுமைப்படக் கூடாது என்ற வீண் பெருமை! ஒரு சட்டை, ஒரு விருந்து, இரண்டு திரைப்படங்கள், பணம் தீர்ந்தது. வட்டி நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய். மூன்று என்பது சிறிய எண்ணாகத்தான் அன்று தோன்றியது.

கோடை விடுமுறை முடிந்து திரும்பிப் பெட்டியைத் திறந்தபோது, சட்டைப் பையில் வைத்ததாக நான் எண்ணியிருந்த அடகுச் சீட்டு துணிகளின் மேல் கிடந்தது. அன்றிரவு கணக்குப் போட்டேன். மாதம் 15 ரூபாய், ஆண்டுக்கு 180. நூற்றுக்கு முப்பத்தாறு! கணக்கரின் மகனுக்கு இது தெரிய நான்கு மாதங்கள் ஆயின.

ஜூலை முதல் இரண்டு சிறுவர்களுக்கு மாலையில் பாடம் சொல்லிக் கொடுத்தேன். தலைக்கு 40 ரூபாய். கைக்கு வந்ததும் 75 ரூபாயைத் தனியே ஒரு தகரப் பெட்டியில் போட்டுவிட்டு, மீதி ஐந்தைத்தான் தொடுவேன். ஒவ்வோர் இரவும் செலவை ஏட்டில் எழுதினேன். எழுத வெட்கப்படும் செலவு தானே குறைந்தது. வருவாயின் வழி சிறிதானாலும், செலவின் வழி அகலாவிட்டால் கேடில்லை என்கிறார் வள்ளுவர். அக்கருத்தை அவர் பொருள்செயல்வகையில் வைக்கவில்லை. வலியறிதல் என்னும் அதிகாரத்தில் வைத்தார். தன் வலிமையின் அளவை அறியாதவனே கடனாளி ஆகிறான் என்பது எனக்கு அப்போது விளங்கிற்று.

பத்து மாதத்தில் 750 ரூபாய் சேர்ந்தது. 1998 ஏப்ரலில் அசல் 500, வட்டி 210 செலுத்தி மோதிரத்தை மீட்டேன். எஞ்சிய நாற்பதைக் கொண்டு அஞ்சலகத்தில் மாதம் பத்து ரூபாய்த் தொடர் வைப்புக் கணக்கைத் தொடங்கினேன்.

மோதிரத்தை அம்மாவிடம் நீட்டினேன். விரலில் போட்டுப் பார்த்தார். "போன கோடையில உன் சட்டையைத் துவைக்கும்போதே சீட்டைப் பார்த்தேன் கண்ணு. நனையறதுக்கு முன்னே எடுத்து உன் பெட்டியில வச்சேன். அப்பாகிட்ட சொல்லல" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. தலை நிமிர்த்த எனக்கு முடியவில்லை.

இன்று கல்லூரியில் பயிலும் இளைஞர்களுக்கு மணியார்டர் தெரியாது. 2016-இல் வந்த யு.பி.ஐ. முறையால் பணம் நொடியில் வருகிறது. நொடியில் போகவும் போகிறது. கையிலிருந்து நோட்டு நழுவும் வருத்தம்கூட இல்லை. அவர்களுக்கு நான் சொல்லக்கூடியவை மூன்றே: செலவுக்கு முன் சேமிப்பை ஒதுக்குங்கள், அன்றைய செலவை அன்றே எழுதுங்கள், வட்டியை மாதக் கணக்கில் கேட்டால் ஆண்டுக் கணக்கில் பெருக்கிப் பாருங்கள். அஞ்சலகத் தொடர் வைப்புக்கு இப்போது மாதம் 100 ரூபாய் போதும்.

என் மகளும் திருப்பதியில்தான் படிக்கிறாள். பணம் அனுப்பும்போது, வாடகை இவ்வளவு, சாப்பாடு இவ்வளவு, மற்றவை இவ்வளவு என்று கைப்பேசியில் நானும் எழுதுகிறேன். நலமா என்று கேட்க மறந்துவிடுகிறது. அந்த மூன்று வரிகளே நலம் விசாரிப்பு என்பதை, என் வயது வரும்போது அவளும் அறிவாள்.