கறுப்பு மணலில் வெள்ளைப் பல்

ஈப்போ புந்தோங்கில் கச்சாங் பூத்தே வாங்காமல் திரும்பினால் பயணம் போய்வந்ததாகவே கணக்கில்லை. போன வருடம் தீபாவளிக்கு முன்பு போனபோது நானும் ஒரு பொட்டலம் வாங்கி அப்பாவிடம் நீட்டினேன். சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். வீட்டுக்குப் போனதும் அது பிரிக்கப்படாமலே அலமாரியில் ஏறியது. அங்கே ஏற்கெனவே மூன்று பொட்டலங்கள் இருந்தன. எல்லாம் முந்தைய பயணங்களில் நான் வாங்கிக் கொடுத்தவை.

அப்பாவுக்கு வயது 71. கீழ்த்தாடையில் ஒரு பல்கூட இல்லை. மேலே நான்கு மிச்சம். அரசாங்கக் கிளினிக்கில் செய்துகொடுத்த பல்செட்டு குவளைத் தண்ணீரில் கிடக்கிறது. கீழ்ச்செட்டு பேசும்போதே எழும்பிவிடுகிறதாம்.

என் பிழைப்பு வானொலியில் பேசுவது. ஒரு த, ஒரு ந பிசகினால்கூட என் காதுக்குத் தெரியும். இந்த எழுத்துகளுக்கு நாக்கு நுனி மேற்பல்லின் அடியைத் தொடவேண்டும் என்று தொல்காப்பியமே சொல்லிவைத்திருக்கிறது. ஆனால் என்னைத் ‘தாயி’ என்று கூப்பிடும் அப்பாவின் குரல் தொலைபேசியில் ‘ஆயி’ என்று தேய்ந்துபோனதை நான் கவனிக்கவில்லை. லைன் சரியில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை பத்து காஜா பக்கம் காரை விட்டோம். அப்பா பிறந்த தோட்டத்தைப் பார்க்கவேண்டும் என்று நான்தான் கேட்டேன். வழியெங்கும் செம்பனை. லயன் இருந்த இடத்தில் இரண்டு மாமரமும் ஒரு சிமெண்டுத் தொட்டியும்தான் மிச்சம். “இங்கதான் பெரட்டு. விடியறதுக்குள்ள வந்து நிக்கணும்” என்று காட்டினார். பல்வலி வந்தால் என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். கிராம்பு, உப்புத் தண்ணீர், வெற்றிலை. அதற்கும் அடங்காவிட்டால் தோட்டத்து டிரசர். அவரிடம் இருந்தது ஒரே வைத்தியம்: பிடுங்குவது. அடைப்பது, வேர் சிகிச்சை என்பதெல்லாம் டவுன்காரர்களுக்கு. முப்பது வயதுக்குள் அப்பாவுக்கு ஆறு பல் போயிருந்தது.

அங்கிருந்து கெல்லி மாளிகை பக்கம்தான். ஸ்காட்லாந்துக்காரரான வில்லியம் கெல்லி ஸ்மித், ரப்பர் பணத்தில் மனைவிக்காகக் கட்டத் தொடங்கிய மாளிகை. 1926இல் அவர் லிஸ்பனில் இறந்ததும் வேலை அப்படியே நின்றுபோனது. கட்டியவர்களில் மெட்ராஸிலிருந்து வந்த தமிழர்களும் உண்டு. அருகிலுள்ள மாரியம்மன் கோயிலின் கூரைமேல் தெய்வங்களுக்கு நடுவே கோட்டுப் போட்ட ஒரு வெள்ளைக்காரச் சிலை நிற்கிறது. அது அவர்தான் என்பார்கள்.

இன்னொரு விஷயம் அந்த மாளிகைப் படிக்கட்டில் உட்கார்ந்து அப்பாவுக்குச் சொன்னேன். 19ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து 1930கள் வரை ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பல்செட்டின் அடித்தட்டை ரப்பரில்தான் செய்தார்கள். கந்தகம் சேர்த்துச் சூடேற்றிக் கெட்டியாக்கிய ரப்பர், பெயர் வல்கனைட். பிறகுதான் அக்ரிலிக் வந்தது. அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. “அப்ப நம்ம மங்குல வடிஞ்ச பால்ல அவங்க பல்லுக் கட்டியிருப்பாங்க” என்றார்.

மதியம் தஞ்சோங் துவாலாங். அங்கே 1938இல் செய்த ஈயக்கப்பல் டிடி5 நிற்கிறது. 4,500 டன் எடை. 1982 வரை குட்டையில் மிதந்தபடி மண்ணை அள்ளி ஈயத்தைப் பிரித்தது. அப்படிப் பிரித்த பிறகு மிஞ்சும் கறுப்பு மணலுக்கு அமாங் என்று பெயர். அந்த மணலில் சிர்கான் உண்டு, இல்மனைட் உண்டு. சிர்கானிலிருந்து வருவதுதான் இன்று ‘உலோகமில்லாப் பல்’ என்று விளம்பரம் செய்யப்படும் சிர்கோனியா. இல்மனைட்டிலிருந்து வருவது டைட்டானியம். பல் மருத்துவ உலகில் வெள்ளைத் திருகா, உலோகத் திருகா என்று நடக்கும் வாக்குவாதத்தின் இரண்டு கட்சியும் கிந்தா பள்ளத்தாக்கின் கழிவு மணலிலேயே கிடக்கிறது!

இதை நான் முன்பே படித்து வைத்திருந்ததற்குக் காரணம் உண்டு. ‘உயிரியல் பல் மருத்துவம்’ என்ற விளம்பரம் ஒன்று என் கைப்பேசியில் வந்துகொண்டே இருந்தது. வாய் முழுக்கச் சிர்கோனியா, உடலுக்கு ஒவ்வாத உலோகம் எதுவும் இல்லை என்றது. விலை கேட்டேன். அந்தப் பணத்தில் புது மைவி காரே வாங்கலாம். என் சேமிப்பை எடுத்துவிடலாம் என்றே முடிவு செய்திருந்தேன். அப்பாவிடம்தான் சொல்லவில்லை.

அடுத்த நாள் ஈப்போவிலேயே ஒரு பல் மருத்துவரைப் பார்த்தோம். அவர் எதையும் விற்க முயலவில்லை, பாடம்தான் நடத்தினார்.

எலும்போடு டைட்டானியம் இறுகிப் பிணைவதை ஸ்வீடனின் பிராணமார்க் 1950களில் முயல்களை வைத்துச் செய்த ஆய்வில் கவனித்தார். 1965இல் முதல் மனிதருக்குப் பொருத்தினார். ஆகவே டைட்டானியத்துக்கு அரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட அனுபவம் இருக்கிறது. சிர்கோனியம் என்ற தனிமத்தை ஜெர்மனியின் கிளாப்ரோத் 1789இல் இலங்கையிலிருந்து வந்த சிர்கான் கல்லில் கண்டுபிடித்தார். அது உலோகம்தான். ஆக்சிஜனோடு சேர்ந்தால் வெள்ளைப் பீங்கானாகிவிடுகிறது. உலோகக் குணம் போய்விடுகிறது. அந்தப் பீங்கானும் எலும்போடு நன்றாகப் பிணைகிறது. நிறம் வெள்ளை என்பதால் ஈறு மெலிந்தவர்களுக்கு முன்பல்லில் சாம்பல் நிழல் தெரியாது. ஆனால் நீண்டகால அனுபவம் குறைவு; பீங்கான் என்பதால் உடையும் அபாயமும் உண்டு. டைட்டானியம் ஒவ்வாதவர்கள் மிக அரிது.

“வெள்ளைத் திருகு கெட்டதில்லை. அப்பாவுக்கு அது அவசியமா என்பதுதான் கேள்வி” என்றார்.

பிறகு முப்பரிமாண எக்ஸ்ரேயைக் காட்டினார். பல் போன இடத்தில் எலும்பு வருடா வருடம் கரையும். அப்பாவின் தாடை பின்பக்கம் மெலிந்திருந்தது, முன்பக்கம் தேவலை. சர்க்கரை கட்டுக்குள் வரவேண்டும்; இல்லாவிட்டால் எந்தத் திருகும் பிடிக்காமல் போகும் அபாயம் அதிகம். கீழ்த்தாடையில் பல்லே இல்லாதவர்களுக்கு முன்பக்கம் இரண்டே திருகு வைத்து, அதன்மேல் பல்செட்டைப் பொத்தான் போல அழுத்தி மாட்டும் முறை இருக்கிறது. குறைந்தபட்சமாக இதையே முதலில் பரிந்துரைக்கவேண்டும் என்று 2002இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய நிபுணர்கள் சொன்னார்கள். மேலே இருக்கும் நான்கு பல்லைப் பிடுங்கவேண்டாம், காப்பாற்றலாம் என்றார்.

‘பிடுங்கவேண்டாம்’ என்ற வார்த்தையைக் கேட்டதும் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். ஒரு பல் மருத்துவர் அவரிடம் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

காரில் ஏறியதும், “சாகப்போற வயசுல எனக்கு எதுக்கு இந்தச் செலவு?” என்றார். என்ன பதில் சொல்வது? மைவி கார் கணக்கைச் சொன்னேன். இரண்டு திருகுக்கு அதில் ஒரு சிறு பங்குதான் என்றேன். சிரித்தார். கை தன்னால் வாயை மூடிக்கொண்டது. அந்தக் கைக்காகத்தான் இந்தச் செலவு என்று அப்போது எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

உங்கள் வீட்டிலும் குவளையில் கிடக்கும் பல்செட்டு ஒன்று இருக்கலாம். விளம்பரத்தைப் பார்த்துப் பணம் கட்டுவதற்கு முன் மருத்துவரிடம் நான்கு கேள்வி கேளுங்கள். எலும்பு எவ்வளவு இருக்கிறது? சர்க்கரை எவ்வளவு? இருக்கும் பல்லைக் காப்பாற்ற முடியுமா? திருகு உடைந்தாலோ கழன்றாலோ அடுத்து என்ன வழி? இவற்றுக்குப் பொறுமையாகப் பதில் சொல்பவர் எந்தத் திருகைச் சொன்னாலும் காதுகொடுக்கலாம்.

அப்பாவுக்குச் சர்க்கரை இறங்க மூன்று மாதம் ஆனது. திருகு வைத்து எலும்பு பிடிக்க இன்னும் நான்கு மாதம். டைட்டானியம்தான். செட்டை மாட்டிய மறுவாரம் தொலைபேசி வந்தது.

“தாயி, அடுத்த தடவ வரப்ப புந்தோங் கடையில முறுக்கு வாங்கிட்டு வா. கெட்டிக் கடலைய டாக்டர் வேணாங்கிறாரு. அத நீ தின்னுக்க.”

த சுத்தமாக விழுந்தது. லைனில் அன்று ஒரு கோளாறும் இல்லை.