இரண்டு விநாடியும் எட்டு வருஷமும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன் மக்களே, நான் பி.காம் மாணவன், இன்ஜினியர் இல்லை. கீழே வரும் கார்களில் ஒன்றைக்கூடத் தொட்டதில்லை. கல்லூரிக்கு டவுன் பஸ்தான். ஆனால் ஸ்கூல் நாளிலிருந்தே கார் பைத்தியம். அதோடு மூன்று வருஷமாகத் தேய்மானக் கணக்குப் போட்டுப் போட்டு, எதைப் பார்த்தாலும் "அஞ்சு வருஷம் கழிச்சு இதோட மதிப்பு என்ன?" என்றுதான் மண்டை ஓடுகிறது. இந்த இரண்டு வியாதியும் சேர்ந்ததுதான் இந்தப் பதிவு.

எது பெரிய எலக்ட்ரிக் கார் என்று நண்பர்களிடம் கேட்டால் உடனே விநாடிக் கணக்கு வரும். 2021-ல் வந்த டெஸ்லா மாடல் எஸ் ப்ளாட்: மூன்று மோட்டார், 1,020 குதிரைத்திறன், மணிக்கு 60 மைல் வேகத்தை 1.99 விநாடியில் எட்டும் என்றார்கள். (முதல் ஓரடி உருளுவதைக் கணக்கில் சேர்க்காமல். அமெரிக்க ரேஸ் பழக்கம்!) 2023-ல் லூசிட் ஏர் சஃபையர் 1,234 குதிரைத்திறனோடு வந்தது. 2024-ல் போர்ஷே டைகான் டர்போ ஜிடியும் ஆயிரத்தைத் தாண்டியது.

இங்கேதான் எனக்கு இடிக்கிறது. 2005-ல் புகாட்டி வேரோன் இதே ஆயிரத்தைத் தொட 16 சிலிண்டர், நாலு டர்போ, பத்து ரேடியேட்டர் தேவைப்பட்டது. விலை பத்து லட்சம் யூரோவுக்கு மேல். ப்ளாட்டின் அறிமுக விலை 1,29,990 டாலர். அதாவது, மோட்டார் வந்தபிறகு வேகம் மலிவாகிவிட்டது. எல்லாரிடமும் இருக்கிற ஒன்றை வைத்து எப்படி ஒப்பிடுவது?

அப்புறம் எதில்தான் வித்தியாசம்?

போர்ஷேயின் பதில்: திரும்பத் திரும்பச் செய்து காட்டு. 2019-ல் ஜெர்மனியின் லார் விமானத் திடலில் டைகானை 0-விலிருந்து 200 கி.மீ. வரை அடுத்தடுத்து 26 முறை விரட்டினார்கள். வேகமான ஓட்டத்துக்கும் மெதுவான ஓட்டத்துக்கும் வித்தியாசம் ஒரு விநாடிகூட இல்லை. பாட்டரி சூடாகிச் சோர்ந்து போகவில்லை. 800 வோல்ட் அமைப்பு, பின்னச்சில் இரண்டு கியர் என்று அதற்காகவே உழைத்திருந்தார்கள்.

லூசிட்டின் பதில்: சிக்கனம். டெஸ்லாவில் மாடல் எஸ்-க்குத் தலைமைப் பொறியாளராக இருந்த பீட்டர் ராலின்சன்தான் அங்கே போய் இந்தக் காரைக் கொண்டுவந்தார். 2021-ன் டிரீம் எடிஷன் ரேஞ்ச், 118 கிலோவாட்-மணி பாட்டரியில் 520 மைல். 2020-ன் டைகான் டர்போ 93.4-ல் 201 மைல். இரண்டுமே அமெரிக்க அரசின் சோதனைக் கணக்கு. (நிஜ சாலையில் டைகான் இதைவிட நன்றாகவே போனது, அதையும் சொல்லிவிட வேண்டும்.)

டெஸ்லாவின் பதில் காருக்கு வெளியே இருந்தது: 2012-லிருந்தே கட்டிய சார்ஜர் வலை. அமெரிக்காவில் மற்ற கம்பெனிக்காரர்கள் வேலை செய்யாத சார்ஜர் முன்னால் முழித்துக்கொண்டிருந்த வருஷங்களில், டெஸ்லா ஓனர் செருகிவிட்டுக் காபி குடிக்கப் போனார்.

சரி, நம்ம பாடத்துக்கு வருவோம்.

தேய்மானத்துக்குக் காரணங்களில் ஒன்று வழக்கொழிதல் என்று படித்தோமே, ஞாபகம் இருக்கா? பொருள் தேயாமலேயே மதிப்பு தேய்வது. 2021 ஜூனில் 1,29,990 டாலராக இருந்த ப்ளாட், 2023 செப்டம்பரில் புதிதாகவே 89,990 டாலர். 27 மாசத்தில் 40,000 டாலர். மாசத்துக்கு ஏறக்குறைய 1,480. முதலில் வாங்கியவர் வண்டியைக் கராஜில் உறை போட்டு வைத்திருந்தாலும் இதே அடிதான். நேர்கோட்டு முறை, குறைந்துசெல் மதிப்பு முறை எதிலும் இதற்கு வரி கிடையாது!

கம்பெனி நிலைக்குமா என்பது இன்னொரு பயம். ஃபிஸ்கர் 2024 ஜூனில் திவால் மனு கொடுத்தபோது, அந்தக் கார் வைத்திருந்தவர்களுக்கு சாஃப்ட்வேரும் சர்வீசும் யார் தருவார் என்பதே கேள்வியானது. பெட்ரோல் காரை ஒரு நல்ல மெக்கானிக் காப்பாற்றிவிடுவார். சாஃப்ட்வேரில் ஓடும் காரை அவர் என்ன செய்வார்?

எங்க அப்பா இதுவரை வாங்கிய வண்டி எல்லாம் செகண்ட் ஹேண்ட்தான். "முதல் ஓனர் ஆசைக்கு வாங்குறான், ரெண்டாவது ஓனர் கணக்குக்கு வாங்குறான்" என்பார். இந்தக் கார்களுக்கு அது அப்படியே பொருந்துகிறது. பாட்டரி வாரண்டி மூன்றிலுமே எட்டு வருஷம் (ஓடிய தூரத்துக்கும் வரம்பு உண்டு). மூன்று வருஷம் ஆன காரை வாங்கினால் பெரிய அடியை முதல் ஓனர் வாங்கியிருப்பார், வாரண்டி இன்னும் ஐந்து வருஷம் பாக்கி.

ஆனால் மூன்றாவது ஓனர்? 1960-களின் போர்ஷே 911-ஐ அன்றைய விலைக்குப் பல மடங்கு கொடுத்து வாங்க இன்றைக்கும் ஆள் இருக்கிறது. ஆடம்பரப் பொருள் என்றால் அடுத்த தலைமுறைக்குக் கொடுத்துவிட்டுப் போவது என்றுதான் நான் நினைத்திருந்தேன். பழைய பாட்டரியும் பழைய திரையும் உள்ள காரை அப்படி யார் வாங்குவார்? அதனால் இந்தக் கார்களை ஒப்பிடும்போது இரண்டு விநாடியை விட்டுவிட்டு எட்டாவது வருஷத்தைப் பாருங்கள். அந்த வருஷமும் பாகமும் ஆளும் கிடைக்கும் என்று நம்பிக்கை தருவது எதுவோ, அதுதான் உயர்ந்த கார். என் ஓட்டு போர்ஷேக்கு. உங்க ஓட்டு?

டிஸ்கி: ஓட்டு மட்டும்தான். காசு கேட்டு யாரும் பின்னூட்டம் போட வேண்டாம் :-)