இடப்பக்கம் சாயும் முள்

ஓசூரிலிருந்து தளிக்குச் செல்லும் சாலையில் பெலகொண்டபள்ளி என்னும் சிற்றூர் உள்ளது. அங்கே விமான ஓடுதளம் ஒன்று இருப்பது நம்மவருள் பலருக்கு இன்றும் வியப்பூட்டும் செய்தி. 1990களில் தனேஜா ஏரோஸ்பேஸ் என்னும் நிறுவனம், இத்தாலியில் வடிவமைக்கப்பட்ட பார்த்தெனாவியா பி-68 சி என்ற இரட்டை எஞ்சின் சிறு விமானத்தை அவ்விடத்தில் கட்டியது. அந்நாளில் ஓசூர் தருமபுரி மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. 2004-இல்தான் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாயிற்று. 1997-இல் சேலத்திலிருந்து பிரிந்து உருவான நம் மறைமாவட்டமோ இரண்டு மாவட்டங்களையும் ஒன்றாகவே அணைத்து நிற்கிறது. ஆகவே அந்த ஓடுதளத்தையும் நம் வீட்டு முற்றமாகவே நான் எண்ணிக்கொள்வது வழக்கம்.

விமானப்படையில் மின்பணியாளராக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் என் பங்கில் வாழ்கிறார். ஞாயிறு திருப்பலிக்குப்பின் கோயில் திண்ணையில் அமர்ந்து அவர் சொன்னவற்றை நான் மறையுரைகளைவிடக் கவனமாகக் கேட்டிருக்கிறேன். சிறு விமானத்தில் மின்சாரம் இரண்டு தனி வழிகளில் பிறக்கிறது என்றார். எஞ்சினுக்குள் எரிபொருளைப் பற்றவைக்கும் பொறி, மேக்னெட்டோ என்னும் கருவியிலிருந்து வருகிறது. நிலைக்காந்தம் சுழலச் சுழல அது தானே பொறியை உண்டாக்கும். பேட்டரியின் தயவு அதற்கு வேண்டியதில்லை. எஞ்சினுக்கு இரண்டு மேக்னெட்டோக்கள், ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு பிளக்குகள். விளக்குகள், வானொலி, திசை காட்டும் மின்கருவிகள் ஆகியவை மற்றொரு வழியைச் சார்ந்தவை. எஞ்சினோடு சுழலும் ஆல்டர்னேட்டர் இவற்றுக்கு மின்சாரம் தந்து, மிஞ்சியதைக் கொண்டு பேட்டரியையும் நிரப்புகிறது. ரெகுலேட்டர் நடுவில் நின்று அளவு காக்கிறது. 12 வோல்ட் பேட்டரியானால் 14 வோல்ட்டும், 24 ஆனால் 28-ம் ஊட்டவேண்டும். குறைந்தால் பேட்டரி பட்டினி; மிகுந்தால் உள்ளிருக்கும் திராவகம் கொதித்துக் கெடும்.

"சாமி, இதுல ஆபத்து என்னன்னா, சார்ஜ் நின்னுபோனா எந்தச் சத்தமும் வராது" என்றார் அவர். "எஞ்சின் அதுபாட்டுக்கு ஓடும். ரேடியோ பேசும். லைட்டு எரியும். அம்மீட்டர் முள்ளு மட்டும் இடப்பக்கம் சாஞ்சிருக்கும். அதைப் பார்க்கிறவன் பிழைச்சான்."

நடுவில் சுழியம், வலப்பக்கம் நிரம்புதல், இடப்பக்கம் வடிதல்: பழைய விமானங்களில் அந்த முள்ளின் மொழி அவ்வளவே. அது இடப்பக்கம் சாய்ந்தால் விமானி முறைப்படி ஆல்டர்னேட்டர் சுவிட்சை ஒருமுறை அணைத்துப் போட்டுப் பார்க்கவேண்டும். ஒருமுறைதான், மீண்டும் மீண்டும் முயல்வது தீயை வரவழைப்பதாகும். சரியாகாவிடில் வேண்டாத விளக்குகளையும் இரண்டாம் வானொலியையும் அணைத்துவிட்டு, அருகிலுள்ள நிலையத்தில் இறங்கவேண்டும். நினைத்த ஊருக்குப் போய்ச் சேரலாம் என்று கணக்குப் போடலாகாது.

தரையில் பழுது தேடுவதிலும் அவருக்கு ஓர் ஒழுங்கு உண்டு. இளைஞர்கள் எடுத்த எடுப்பில் ரெகுலேட்டரை மாற்றுவார்கள். அல்லது பேட்டரியைப் பழிப்பார்கள். இவரோ முதலில் பெல்ட் தளர்ந்திருக்கிறதா என விரலால் அழுத்திப் பார்ப்பார். பிறகு எர்த் கம்பி பிடிமானத்தில் களிம்பேறியிருக்கிறதா, டெர்மினல் ஆடுகிறதா, கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் போவார். வானொலியில் எஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்கும் ரீங்காரம் கேட்டால் டையோடு ஒன்று போயிருக்கலாம் என்பார். பாதிப் பழுதுகள் அழுக்கில்தான் இருக்கின்றன என்பது அவர் அனுபவம். பாவசங்கீர்த்தனத் தொட்டியில் அமர்ந்திருக்கும் எனக்கு அது புதிய செய்தியன்று.

முள்ளைப் பார்த்தும் பயணத்தைத் தொடர்ந்தவர்களின் கதை ஒன்று உண்டு. 1983 அக்டோபர் 11 இரவு, அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரிலிருந்து ஏர் இல்லினாய் நிறுவனத்தின் 710-ஆம் எண் விமானம் கார்பண்டேல் நோக்கிப் புறப்பட்டது. ஹாக்கர் சிட்லி 748 வகை; நம் நாட்டிலும் கான்பூரில் கட்டப்பட்ட அதே வகை. புறப்பட்ட சில நிமிடங்களில் இடப்புற ஜெனரேட்டர் பழுதாயிற்று. அதைத் துண்டிக்க முயன்றபோது நன்றாயிருந்த வலப்புற ஜெனரேட்டர் தவறுதலாகத் துண்டிக்கப்பட்டது என விசாரணை கருதியது. புறப்பட்ட நிலையம் பின்னால் அருகிலேயே இருந்தது. தலைமை விமானியோ பேட்டரியை நம்பி, மேகம் மூடிய இருளில் தொடர்ந்து செல்ல முடிவு செய்தார். சுமார் அரைமணி நேரத்தில் பேட்டரி ஓய்ந்தது. நிலை காட்டும் கருவிகள் இருண்டன. பத்துப் பேரும் மாண்டனர்.

இதைப் படித்த நாள்முதல் குருமடத்தில் கற்ற ஒரு பாடம் என்னைத் தொந்தரவு செய்கிறது. திருவருட்சாதனங்களின் பயன், அவற்றை நிறைவேற்றும் குருவின் தகுதியைச் சார்ந்ததன்று. கிறிஸ்துவின் செயலாலேயே அவை பலன் தருகின்றன. எக்ஸ் ஓப்பெரே ஓப்பெராத்தோ என்று இலத்தீனில் மனனம் செய்தோம். திரெந்து பொதுச்சங்கம் 1547-இல் இதை வரையறுத்தது. அதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே, தொனாத்தியரோடு வாதாடிய புனித அகுஸ்தீனார் யோவான் நற்செய்தி விளக்கத்தில் ஓர் உவமை சொல்லியிருக்கிறார். கல்லாலான கால்வாய் வழியே நீர் பாத்திகளுக்குப் பாய்கிறது. கல்லில் ஒன்றும் முளைப்பதில்லை, தோட்டமோ விளைகிறது. மக்களுக்கு இது எத்துணை ஆறுதல்! எம் குறைகளால் அவர்கள் இறையருளை இழப்பதில்லை. மேக்னெட்டோ பேட்டரியைக் கேட்காமல் பொறி தருகிறது.

ஆனால் கல்லின் நிலை என்ன? தருமபுரி மண்ணில் வறண்ட வாய்க்கால்களைப் பார்த்து வளர்ந்தவனுக்கு இக்கேள்வி எழாமலிராது. எஞ்சின் ஓடுகிறது என்பதாலேயே வடிதல் வெளியே தெரிவதில்லை.

என்னோடு குருமடத்தில் பயின்ற ஒருவர், மலையடிவாரப் பங்கு ஒன்றில் பதினோரு ஆண்டுகள் பணியாற்றினார். ஊரையும் பெயரையும் விட்டுவிடுகிறேன். கிளைக் கிராமங்கள் ஒன்பது. பள்ளிக்கூடம், விடுதி, கோயில் கட்டடம் அனைத்தும் அவர் தோளில். திருப்பலி ஒருநாளும் தவறியதில்லை. கணக்குப் புத்தகங்கள் குறைசொல்ல முடியாதவை. ஆனால் ஒருநாள், மகனை இழந்த தாய் ஒருத்தி அவர்முன் அழுதபோது தமக்கு ஒன்றுமே கேட்கவில்லை என்று பின்னால் என்னிடம் சொன்னார். "உதடு அசைஞ்சது தெரிஞ்சது. அவ்வளவுதான்." அடக்கத் திருப்பலியை அவர் ஒரு சொல் பிறழாமல் நிறைவேற்றினார். அடுத்த வாரம் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு நாள் வெளியே வரவில்லை. பங்கு மக்கள் காய்ச்சல் என்று எண்ணிக் கஞ்சி வைத்துவிட்டுப் போனார்கள்.

அவர் சோம்பேறி அல்லர், செபிக்காதவரும் அல்லர். "இன்னும் அதிகமாகச் செபியுங்கள்" என்று அவருக்கு அறிவுரை சொன்னவர்கள் உண்டு. அவ்வறிவுரையில் எனக்கு உடன்பாடில்லை. என் நண்பர் மின்பணியாளர் விளக்கிய நுட்பம் ஒன்றுதான் இங்கே நினைவுக்கு வருகிறது. ஆல்டர்னேட்டருக்குள் சுழலும் சுருள், மின்சாரம் உண்டாக்கத் தொடங்குவதற்கே பேட்டரியிலிருந்து சிறிது மின்னோட்டம் பெற்றாகவேண்டும். பேட்டரி அடியோடு வற்றிவிட்டால், விசிறியைக் கையால் சுழற்றி எஞ்சினை ஓடவிடலாம். மேக்னெட்டோ அதை ஓட்டும். ஆயினும் எவ்வளவு நேரம் ஓடினாலும் சார்ஜ் ஏறாது. வெளியிலிருந்து மின்சாரம் கொண்டுவந்து பேட்டரியைத் தனியே நிரப்பவேண்டும். ஐந்தில் நான்கு பங்குகூடத் தாங்காத பேட்டரியாயின் அதை மாற்றுவதே முறை.

அரசர்கள் முதல் நூலில் எலியா சூரைச்செடியின் கீழே சாவை வேண்டிப் படுத்திருந்தபோது, வானதூதர் அவரைக் கடிந்துகொள்ளவில்லை; செபிக்கச் சொல்லவுமில்லை. தட்டி எழுப்பி, சுட்ட அப்பமும் தண்ணீரும் தந்தார். எலியா உண்டு மீண்டும் உறங்கினார். தூதர் இரண்டாம் முறையும் எழுப்பி உண்ணச் சொன்னார். ஓரேபு மலையும் மெல்லிய ஒலியும் அதற்குப் பின்னரே.

நண்பரை ஆயர் அவர்கள் வேறு மாவட்டத்திலுள்ள ஓர் இல்லத்திற்கு அனுப்பினார். முதல் மாதம் திருப்பலிகூடக் கூட்டுத்திருப்பலியாக மட்டும்; மறையுரை கிடையாது. நாளொன்றுக்கு ஒன்பது மணி நேரம் உறங்குவதாக எழுதினார். இறையியல் நூல் ஏதேனும் அனுப்பட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், நாட்டுக் கத்தரி விதை கிடைத்தால் அனுப்பு, இங்கே ஒரு பாத்தி போட்டிருக்கிறேன் என்று பதில் வந்தது. பாலக்கோடு சந்தையில் வாங்கி, மூன்று பொட்டலமாகக் கட்டி அனுப்பினேன்.