செவுளும் லேபிளும்

எங்கள் தேங்காய்த்திட்டில் வழக்கமாக எனக்கு மீன் தரும் அக்கா, மகனின் பழைய லேப்டாப்புக்கு மெமரி வாங்க 1,500 ரூபாய் சேர்த்து வைத்திருந்தார். ‘‘டிடிஆர்-3தானே? தைரியமா வாங்குப்பா’’ என்றேன் பையனிடம். படித்தது பி.காம்.; பேச்சு மட்டும் இன்ஜினீயர் மாதிரி!

மெமரி கச்சிதமாக உட்கார்ந்தது. ஆனால், திரை இருட்டு. கழற்றி லேபிளைப் பார்த்தோம். பழையதில் ‘பிசி3எல்’... 1.35 வோல்ட். புதியதில் வெறும் ‘பிசி3’... 1.5 வோல்ட். இரண்டுக்கும் அதே 204 பின்கள், அதே வெட்டு. அந்த லேப்டாப்புக்கு ‘எல்’ போட்டதுதான் ஒத்துவரும். கடையில் திருப்பி எடுக்கவில்லை. சரியானதை என் செலவில் வாங்கிக் கொடுத்தேன்.

மறுநாள் அக்கா சிரித்தார். ‘‘செவுளைத் தூக்கிப் பார்த்து மீன் வாங்கச் சொல்லித் தந்தேனே தம்பி... இதுல லேபிளைப் பார்க்க மாட்டியா?’’