மூன்று மங்கும் ஒரு தகர டப்பாவும்

இணைய மோடத்தைக் கவிழ்த்துத் தட்டினேன். எள் கொட்டியது. அந்த எள்ளுக்குக் கால் முளைத்து மேசை விளிம்பைப் பார்த்து ஓடத் தொடங்கிய பிறகுதான் அலறினேன். அடுத்து எல்லாரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். பூச்சி மருந்து டின்னை எடுத்து, காற்றுத் துளைகளுக்குள்ளேயே பீய்ச்சினேன். மறுநாள் மோடத்தில் ஒரு விளக்கும் எரியவில்லை. மூன்றாம் நாள் எறும்புகள் தொலைக்காட்சிக்குக் குடிபோயிருந்தன. இன்னொரு கூட்டம் மின்சாரச் சோற்றுப் பானையின் அடியில் வீடு பார்த்துவிட்டது.

சிரம்பானில் ஒரு கடைக்காரர் மோடத்தைத் திறக்கவே இல்லை, வாயை மட்டும் திறந்தார். "எறும்பு பூந்தா வாரண்டி கிடையாது. புதுசு வாங்கிக்குங்க."

கோலா கிளாவாங்கில் ஆசிரியராக இருக்கும் நண்பர்தான் அங்கே பழுது பார்க்கிற ஓர் அண்ணனைப் பற்றிச் சொன்னார். "பட்டணத்துக் கடைக்காரங்களே அவருகிட்டதான் போர்டை அனுப்புறாங்க. நீ நேரா போயேன்."

போனேன். சிரம்பானிலிருந்து புக்கிட் தங்கா மலைப்பாதையில் ஏறக்குறைய 40 கிலோமீட்டர். வளைவுகளைப் பற்றி எழுத வேண்டாம், வயிறு இன்னும் மறக்கவில்லை. ஜெராம் தோய் அருவியைத் தாண்டி இறங்கினால் பள்ளத்தாக்கில் கோலா கிளாவாங். நெகிரி செம்பிலானின் முதல் பிரிட்டிஷ் ரெசிடெண்டான மார்ட்டின் லிஸ்டருக்கு இங்கே நினைவுச் சின்னம் இருக்கிறது. மரபு வழக்கங்களுக்கென்று ஓர் அருங்காட்சியகமும் இருக்கிறது. பக்கத்திலே தித்தி, ஹக்கா சீனர்கள் ஈயம் தோண்டிய ஊர். பள்ளிக்கூடத்தில் இந்த ஜெலுபு வட்டாரத்தைப் படித்தது வேறு காரணத்துக்காக. தீபகற்ப மலேசியாவிலேயே மழை குறைந்த இடம், ஆண்டுக்குச் சுமார் 1,650 மில்லிமீட்டர். மதுரைக்காரர் கேட்டால் சிரிப்பார், அவருக்கு அது இரண்டு வருஷத்து மழை.

மழை குறைவென்றால் எறும்பும் குறைவாக இருக்குமே என்றேன் அண்ணனிடம்.

"காய்ஞ்சா தண்ணி தேடி உள்ள வரும். பேஞ்சா மேடு தேடி உள்ள வரும். வராத மாசம் எது தம்பி?"

பெயர்ப்பலகை இல்லாத பட்டறை அது. மலிவு விலை வீட்டு வரிசையில் ஒரு முன்வாசல், தகரக் கூரை, முனகிக்கொண்டிருக்கும் மின்னல் எஃப்எம். ஆட்டோகேட் பெட்டிகள், தண்ணீர்ப் பம்பின் பிரஷர் சுவிட்சுகள், குளிர்பெட்டி ரிலேக்கள், அடி கழற்றிய சோற்றுப் பானைகள் எல்லாம் சுவரோரம் குவிந்திருந்தன. என் கண் மட்டும் மேசையின் கால்களை விட்டு நகரவில்லை. மூன்று கால்கள் மூன்று மங்குகளில் நின்றன. நான்காவது கால் மார்ஜரின் டப்பாவில் நின்றது.

மங்கு என்றால் பால்மரத்தில் கட்டித் தொங்கும் பீங்கான் கிண்ணம். மலாய்க்காரர்களின் 'மங்கோக்' ரப்பர் தோட்டத்துக்கு வந்து மங்கு ஆகிவிட்டது. விடியுமுன் பேர் பதியும் பிரட்டுக்குப் போய், வெட்டும் மரவரிசையான நிரைக்குப் போய், மரத்துக்கு மரம் மங்கைத் துடைத்து வைத்து, நேற்றைய கோட்டுப்பாலை உருவி எடுத்து, பிறகு உளி போட வேண்டும். துடைக்கிற வேலை பெரும்பாலும் பிள்ளைகளுக்கு வரும். அண்ணனும் ஏழு வயதில் அம்மாவுக்கு முன்னால் ஓடி ஓடித் துடைத்தவர்தான். "என் கையில அப்ப எப்பவும் பால் நாத்தம். பள்ளிக்கூடத்துல பக்கத்துல உக்கார மாட்டானுங்க."

விளிம்பு உடைந்து ஒதுக்கப்படும் மங்குகள் தொழிலாளர் குடியிருப்பான லயத்து வீட்டுக்கு வந்துவிடும். சாப்பாட்டு அலமாரியின் நான்கு கால்களையும் நான்கு மங்குகளில் நிறுத்தித் தண்ணீர் ஊற்றினால் எறும்பு ஏறாது. என் பாட்டி வீட்டிலும் இப்படித்தான். அந்த அலமாரியைக் கோட்டை என்று நினைத்துக்கொண்டு நான் அகழியில் தீக்குச்சிக் கப்பல் விட்டிருக்கிறேன். தோட்டம் செம்பனைக்கு மாறிய பிறகு மங்குக்கு வேலை போயிற்று. லயத்தைக் காலி செய்து வந்தபோது இவர் அம்மா எடுத்து வந்தது சாமிப்படம், அம்மி, இந்த நான்கு மங்குகள்.

நான்காவது எங்கே என்று கேட்டேன். பழம்பொருள் வாங்குகிற ஒருவர் வந்து 5 வெள்ளிக்கு எடுத்துப்போனாராம். பிறகு ஒரு நாள் பட்டணத்துக் காப்பிக்கடையில் அதே போன்ற மங்கில் கள்ளிச்செடி வைத்திருந்ததைப் பார்த்தாராம். "ஒரு காப்பி 14 வெள்ளி. குடிக்காம வந்துட்டேன்."

மங்கில் வெறும் தண்ணீர் ஊற்ற முடியாது. கொசுப்புழு பிடித்தால் சுகாதார அதிகாரிகள் 1975-ஆம் ஆண்டுச் சட்டத்தைக் காட்டி அபராதச் சீட்டு எழுதுவார்கள். எறும்புக்குப் பயந்தால் கொசு, கொசுவுக்குப் பயந்தால் எறும்பு. அண்ணன் மோட்டார்சைக்கிளில் வடித்த பழைய எண்ணெயை ஊற்றி வைத்திருக்கிறார்.

என் மோடத்தைத் திறந்தார். எத்தனை திருகாணி, எந்த வரிசை என்றெல்லாம் கேட்காதீர்கள், நான் கவனிக்கவில்லை. உள்ளே செத்தவை சிப்பம் சிப்பமாகக் கிடந்தன. உயிரோடு இருந்த ஒன்றை விரல் நுனியில் நசுக்கி மோந்து பார்த்து, என் மூக்கருகே நீட்டினார். ஊசிப்போன தேங்காய் வாடை.

"பாதி எறும்பு. தலைதான் கறுப்பு, பின்னால கண்ணாடி மாதிரி. அதான் வெள்ளைச் சுவத்துல கண்ணுக்குத் தெரியறதில்ல."

பூச்சியியல்காரர்கள் இதை டாப்பினோமா மெலனோசெபாலம் என்பார்கள். இலத்தீன் பெயரைவிட அண்ணன் வைத்த பெயர் எனக்குப் பிடித்தது. இது ஒயரைக் கடிப்பதில்லை. இண்டு இடுக்கு, இருட்டு, கொஞ்சம் கதகதப்பு இருந்தால் போதும், முட்டையோடும் புழுவோடும் குடிவந்துவிடும். "மோடம் அதுக்கு லயத்து வீடு தம்பி. வரிசை வரிசையா அறை, கரண்டு இலவசம்."

கடிப்பது வேறொன்று. ஆட்டோகேட் பெட்டி ஒன்றிலிருந்து, தோல் உரிந்து செம்பு தெரிகிற ஒயரை எடுத்துக் காட்டினார். சிங்கப்பூர் எறும்பின் வேலை. சிங்கப்பூர் என்பது பட்டம்தான். சென்னை ராணுவத்தில் மருத்துவராக இருந்த ஜெர்டன், 1851-இல் வெளியிட்ட தென்னிந்திய எறும்புகளின் பட்டியலில் இதற்கு அழிப்பான் என்று பொருள்படும் பெயரை வைத்துவிட்டார். அங்கே பெயர் வாங்கி, கப்பலேறி, சிங்கப்பூர்ப் பட்டத்தோடு உலகம் சுற்றுகிற எறும்பு. எனக்கென்னவோ தூரத்துச் சொந்தக்காரரைப் பார்த்தது போலிருந்தது.

2022-இல் திண்டுக்கல் கரந்தமலை அடிவார ஊர்களில் மஞ்சள் எறும்பு பெருகி ஆடு மாடுகளைப் படுத்திய செய்தியை வெட்டி வைத்திருந்தேன். தாத்தாவின் ஊர் நத்தம் பக்கம் என்பதால். கைப்பேசியில் படத்தைக் காட்டினேன். அண்ணன் கண்ணாடியை உயர்த்திப் பார்த்துவிட்டு, "இது நம்ம செம்பனைக் காட்டுல நிறைய இருக்கே" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

எறும்புக்குக் கரண்டு பிடிக்குமா? அமெரிக்காவில் டெக்சஸ் மாநிலத்தில் 2002-இல் ஒரு பூச்சி ஒழிப்புக்காரர் கண்ணில் பட்ட தென் அமெரிக்கப் பைத்திய எறும்பு, பம்பு, கணினி, மின்பெட்டி என்று எதையும் விடவில்லை. அதே நாட்டில் நெருப்பெறும்பை வைத்துச் செய்த ஆய்வில், மின்னதிர்ச்சி பட்ட எறும்பு தன் உடலிலிருந்து சில வாசனைகளை விடுவதாகவும், அது மற்ற எறும்புகளை இழுப்பதாகவும் கண்டார்கள். எல்லா எறும்பும் இப்படியா என்பது வேறு கேள்வி. அண்ணன் ஒரு பம்பு சுவிட்சைத் திறந்து காட்டியபோது நம்பத் தோன்றியது. இரண்டு செம்புப் புள்ளிகள் தொட்டுக்கொள்ள வேண்டிய இடத்தில் கருகிய எறும்புகள் அப்பம் போல ஒட்டிக் கிடந்தன. புள்ளிகள் தொடவில்லை, பம்பு ஓடவில்லை, ஒரு குடும்பம் இரண்டு நாள் குளிக்கவில்லை. பழைய பல்துலக்கியும் ஆல்கஹாலும் வைத்துப் பத்து நிமிஷத்தில் தேய்த்துவிட்டார். கூலி 15 வெள்ளி.

அவர் லயத்தில் இருந்தபோது கரண்டு என்பது தோட்டத்து இன்ஜின் ஓடுகிற நேரம்தான். பொழுது சாய்ந்தால் வரும், பத்து மணிக்கு நின்றுவிடும். இன்ஜின் கொட்டகையில் இருந்த மாமா ஒருவர் பழைய வானொலிகளைப் பிரித்துப்போட, இவர் சேர்த்துப் பார்ப்பார். ஐந்தாம் படிவத்தோடு படிப்பு நின்றது. பிறகு செனவாங் தொழிற்பேட்டையில் 11 வருஷம், ஒரு நாளைக்கு ஆயிரம் புள்ளி ஈயம் வைக்கிற வேலை. தொழிற்சாலை ஆள் குறைத்தபோது இவரையும் குறைத்தது. "என் ஈயத்தைப் பாத்தாலே தெரியும், கிண்ணம் கவுத்த மாதிரி நிக்கும்" என்று என் போர்டைத் திருப்பிக் காட்டினார். புள்ளிகள் மங்கு மங்காகத்தான் தெரிந்தன.

இனி நான் கொஞ்சம் கோபப்படப் போகிறேன். பட்டணத்துக் கடைகள் சில, எறும்பு புகுந்த போர்டுகளை ஒரு பையில் போட்டு வாரம் ஒருமுறை இவருக்கு அனுப்புகின்றன. ஒரு போர்டுக்கு இவருக்கு 15, சில சமயம் 20. கடை வாடிக்கையாளரிடம் 'போர்டு மாற்றியாச்சு' என்று சொல்லி வாங்குவது 180. ஒரு பில்லை நானே பார்த்தேன், அண்ணனின் பக்கத்து வீட்டுப் பாட்டி கொண்டுவந்து காட்டியது. அவர் வீட்டு ஆட்டோகேட் போர்டுதான் சிரம்பானுக்குப் போய், மலை ஏறித் திரும்பி இந்த மேசைக்கு வந்து, மீண்டும் மலை இறங்கி, மீண்டும் ஏறி அவர் வீட்டுக்கு வந்திருக்கிறது. நடுவில் இருந்தவர் ஒரு திருகாணியைக்கூடத் தொடவில்லை. 1999-ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் பழுதுபார்ப்பு வசதியும் உதிரிப் பாகமும் நியாயமான காலத்துக்குக் கிடைக்க வேண்டும் என்கிறது. கிடைக்கத்தான் செய்கிறது, கைகளுக்குக் கூலி இல்லாமல். எறும்புக்கு இரண்டு வயிறு உண்டு. ஒன்று தனக்கு, மற்றொன்றில் சேர்ப்பதைக் கூட்டுக்குப் போய் வாய்க்கு வாய் ஊட்டிவிடும். நடுவில் நிற்கிறவர்களுக்கு ஒரே வயிறு.

"நேரா உங்ககிட்டயே வரச் சொல்லலாமேண்ணே?"

"பை நின்னுட்டா?" என்றார். அதற்குமேல் அவர் பேசவில்லை, நானும் பேசவில்லை.

மருந்துக்கும் அந்த இரண்டாம் வயிற்றைத்தான் நம்பியிருக்கிறார். "ஸ்ப்ரே அடிச்சா பயந்து பிரிஞ்சு போகும். ஒரு ராணி இல்ல தம்பி, நெறைய இருக்கும். ஆளுக்கொரு கூட்டத்தைக் கூட்டிக்கிட்டு ஆளுக்கொரு சாமானுக்குப் போயிடும். ஒரு வீட்டை மூணு வீடாக்கிட்டீங்க." அவர் வைப்பது கேரம் பலகைக்குத் தூவுகிற தூள். டப்பாவில் போரிக் என்று போட்டிருக்க வேண்டும், மாவுத் தூளும் அதே பெயரில் வருகிறது. சீனித் தண்ணீர் நூறு பங்கென்றால் தூள் ஒரு பங்கு. கூடினால் எறும்பு வழியிலேயே செத்துவிடும், கூட்டுக்குப் போய் ஊட்டாது. அமெரிக்க ஆய்வாளர்கள் 1990-களில் எழுதிய கணக்கும் இதேதான். இவர் நகக்கண்ணில் அளக்கிறார். குழந்தைக்கும் பூனைக்கும் எட்டாத இடத்தில் வைக்க வேண்டும் என்று மூன்று தடவை சொன்னார்.

இருட்டத் தொடங்கியது. எழுந்து, சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கி, ஒயரைச் சுருட்டி மேசைமேல் வைத்தார். காலுக்குக் கால் அகழி வைத்தாலும் ஒயர் பாலமாகிவிடும் என்று எனக்கு அதுவரை தோன்றவே இல்லை. முட்டாள்தனம்தான். வீட்டில் மோடத்துக்கு எறும்பு வந்ததும் அந்த வழியாகத்தான் இருக்க வேண்டும்.

25 வெள்ளி கொடுத்தேன். மோடம் எரிந்தது. வீட்டுக்கு வந்ததும் ஒயருக்குக் கீழே ஒரு போத்தல் மூடியில் தூள் கலந்த சீனித் தண்ணீர் வைத்தேன். காலையில் மூடியைச் சுற்றி மணிமாலை கோத்தது போல எறும்பு. அம்மா பார்த்துவிட்டு, "மருந்து வைடான்னா விருந்து வச்சிருக்கான்" என்றார். மாலைக்குள் மூடி காய்ந்துவிட்டது. அண்ணனைக் கைப்பேசியில் கூப்பிட்டேன்.

"மொத்தமும் குடிச்சிருச்சுண்ணே."

"நல்லது. இன்னும் ஊத்துங்க."