நியமித்த நாளில் தெரிந்தது

நவம்பர் கடைசியில் அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் தலைமைப் பயிற்சியாளர் வேட்டை சூடுபிடித்துவிடும். ஒருவரை அனுப்புவார்கள், இன்னொருவரைக் கூட்டிவருவார்கள். பல ஆண்டுகளாக இதைப் பார்த்துக் குறித்துவருகிறேன். திரும்பத் திரும்ப வந்து நிற்கும் கேள்வி ஒன்றுதான். நல்ல நியமனம் என்று எதை வைத்துச் சொல்வது? பிற்பாடு வந்த பலனை வைத்தா, அன்றைக்குக் கண்ணெதிரே இருந்ததை வைத்தா?

*

2017 டிசம்பர். ஸ்காட் ஃப்ராஸ்ட் தலைமைப் பயிற்சியாளராக நெப்ராஸ்காவுக்குத் திரும்பினார். 1997-இல் அதே பல்கலைக்கழகம் தேசியப் பட்டம் வென்றபோது குவார்ட்டர்பேக் அவர்தான். 2015-இல் ஓர் ஆட்டம்கூட ஜெயிக்காத சென்ட்ரல் ஃப்ளோரிடாவை எடுத்து, இரண்டே சீசனில் தோல்வி காணாத அணியாக்கினார். அன்று இதைத் தவறு என்று சொல்ல எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை. கடைசியில் கணக்கு 16 வெற்றி, 31 தோல்வி. 2021-இல் தோற்ற ஒன்பது ஆட்டங்களும் பத்துப் புள்ளிக்கும் குறைந்த வித்தியாசத்தில் கைநழுவியவை. 2022 செப்டம்பரில் அவரை நீக்கினார்கள். இன்றும் எழுதுகிறேன்: நியமனம் சரி, பலன்தான் பொய்த்தது.

*

இதற்கு நேர் எதிர், ஜீன் சிஸிக். 2008 டிசம்பரில் ஆபர்ன் அவரை எடுத்தபோது அயோவா ஸ்டேட்டில் அவர் கணக்கு 5 வெற்றி, 19 தோல்வி. அதற்கு முன் 2004-இல் ஆபர்னிலும் 2005-இல் டெக்சாஸிலும் தற்காப்பு ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டவர். இரண்டுமே தோல்வியறியாத அணிகள். ஆனால் ஒரு பகுதியைக் கவனிப்பது வேறு, முழு வீட்டையும் கட்டி நிறுத்துவது வேறு. 2010-இல் ஜூனியர் கல்லூரியிலிருந்து வந்த கேம் நியூட்டன் ஒரே சீசன் ஆடினார். 14-0, தேசியப் பட்டம். 2012-இல் 3-9. ஆபர்ன் ஆடும் எஸ்இசி பிரிவில் ஒரு வெற்றிகூட இல்லை. பட்டத்தை யாரும் பறிக்க முடியாது. நியமனம் சரியாக இருந்தது என்பதற்கு அதைச் சாட்சியாக்கவும் முடியாது.

*

நிக் சேபன் அலபாமாவின் முதல் தேர்வு அல்ல. ரிச் ராட்ரிகஸைக் கேட்டுப் பார்த்தார்கள். அவர் வெஸ்ட் வர்ஜீனியாவிலேயே இருந்துவிட்டார். 2007-இல் சேபன் வந்த முதல் ஆண்டு 7-6. சொந்த மைதானத்தில் லூசியானா-மன்ரோவிடம் தோல்வி. அன்று மாலையே தீர்ப்பெழுதியவர்கள் இருப்பார்கள். அதன் பிறகு ஆறு தேசியப் பட்டங்கள். அலபாமாவை மறுத்த அடுத்த ஆண்டு மிச்சிகனுக்குப் போன ராட்ரிகஸ் மூன்று சீசனில் 15-22. முதல் ஆண்டை வைத்து யாரையும் எடைபோடக் கூடாது என்று அப்போதே எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

*

அப்படியானால் நியமிக்கும் நாளில் எதைப் பார்ப்பது? கர்ட் சிக்னெட்டியைப் பாருங்கள். சேபனிடம் உதவியாளராக இருந்தவர், 2011-இல் அந்தப் பெரிய இடத்தை விட்டு இரண்டாம் நிலைக் கல்லூரி ஒன்றுக்குத் தலைமை ஏற்கப் போனார். பிறகு ஈலான், பிறகு ஜேம்ஸ் மேடிசன். எங்கும் தோல்வி மிகுந்த சீசன் ஒன்றுகூட இல்லை. 2023 முடிவில் இண்டியானா அவரை அழைத்தபோது வயது 62. அந்த ஆண்டு 3-9 என்று கிடந்த அணி 2024-இல் 11-2. அடுத்த சீசனில் 16-0, தேசியப் பட்டம். பெரிய பெயர் இல்லை. ஆனால் கையில் இருப்பதை வைத்துத் தானே கட்டிக் காட்டிய வேலை, மூன்று ஊர்களில் இருந்தது. தேடினால் கண்ணில் படுகிற இடத்தில்தான் இருந்தது.

*

ஒப்பந்த நீட்டிப்பும் ஒரு நியமனம்தான். அதை யாரும் அப்படி எடைபோடுவதில்லை. 2005-இல் நோட்ர டேம் சார்லி வைஸின் முதல் சீசன் முடியும் முன்பே பத்தாண்டு நீட்டிப்பு கொடுத்தது, 2007-இல் 3-9. டெக்சாஸ் ஏ அண்ட் எம் 2017-இல் ஜிம்போ ஃபிஷருக்குப் பத்தாண்டு, 7.5 கோடி டாலர் கொடுத்தது. 2021-இல் அதையும் நீட்டியது. 2023 நவம்பரில் அவரை அனுப்ப ஒத்துக்கொண்ட தொகை அந்த முதல் ஒப்பந்தத்தையே தாண்டியது. வெற்றி வந்த சூட்டில் போட்ட கையெழுத்து.

*

மறுபடியும் நெப்ராஸ்கா. ஃப்ராஸ்ட் கதையின் வேர் 2003-இல் இருக்கிறது. அப்போதைய பயிற்சியாளர் ஃபிராங்க் சோலிச் அந்த ஆண்டு 9 ஆட்டம் ஜெயித்து 3 தோற்றார். அது போதாது என்று நீக்கினார்கள். வந்தவர் பில் காலஹன். 2004-இல், 1961-க்குப் பிறகு முதன்முறையாக, வெற்றியைவிடத் தோல்வி கூடிய சீசன். பிறகு வந்த போ பெலினி ஏழு சீசனில் ஒருமுறைகூட ஒன்பது வெற்றிக்குக் கீழே போகவில்லை. 2014-இல் அவரையும் அனுப்பினார்கள். அடுத்த மைக் ரைலி மூன்றாண்டில் 19-19. அதன் பிறகுதான் ஃப்ராஸ்ட்.

சோலிச் ஒஹையோ பல்கலைக்கழகம் போய் 16 சீசன் இருந்தார், 115 வெற்றி.

நியமித்த நாளில் தெரிந்ததை வைத்துத்தான் எடைபோட வேண்டும் என்றால், நீக்கிய நாளுக்கும் அதே தராசுதான். இனி என் குறிப்பேட்டில் முதல் வரி வருகிறவரின் பெயராக இராது. யாரை அனுப்பினார்கள், அன்று அவர் கையில் எத்தனை வெற்றி இருந்தது என்பதாக இருக்கும்.