அளவறிந்து கட்டுவோம்

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைச் செய்து பார் என்று நம் முன்னோர் சொல்லி வைத்தனர். இரண்டுமே எளிதல்ல என்பது அதன் பொருள். ஆயினும் இவ்விரண்டுக்கும் ஒரு வேற்றுமை உண்டு. கல்யாணச் செலவு சில நாளில் முடிந்துபோகும். வீட்டுச் செலவோ, அளவறியாது தொடங்கியவரைப் பதினைந்து ஆண்டுகளாயினும் விடாது தொடரும். பங்குத் தந்தை என்ற முறையில் நாம் ஆண்டுதோறும் புதிய வீடுகள் பலவற்றை மந்திரிக்கச் செல்கிறோம். வழவழப்பான தரையும் வண்ண விளக்குகளும் வாசலில் வாழைமரமுமாக நம்மை வரவேற்ற வீடுகளுள் சில, இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் கைமாறிப் போனதையும் கண்டிருக்கிறோம். அவ்வீடுகளைக் கட்டியோர் சோம்பேறிகள் அல்லர், ஊதாரிகளும் அல்லர். நெற்றி வியர்வை நிலத்தில் விழ உழைப்பவர்களே. கட்டத் தொடங்குமுன் உட்கார்ந்து கணக்குப் பார்க்கத் தவறினர், அவ்வளவே. கோபுரம் கட்டத் துணிந்து, பாதியில் நின்று, ஊரார் நகைப்புக்கு ஆளானவனைப் பற்றி ஆண்டவர் கூறிய உவமையைக் கோவிலில் கேட்கிறோம். வீட்டு வரைபடத்தை விரிக்கும்போது மறந்துவிடுகிறோம்.

கையில் உள்ள சிறு பணத்தைக் கொண்டு சொந்தமாக ஒரு சிறு வீடு கட்ட எண்ணும் குடும்பங்களுக்காகவே இதனை எழுதுகிறோம்.

ஒன்றேகால் சென்ட் நிலம்

உக்கடத்தில் நமக்கு நன்கு அறிமுகமான குடும்பம் ஒன்று உண்டு. குடும்பத் தலைவர் சந்தையில் சுமை இறக்குபவர். மனைவி வீட்டிலிருந்தே தையல் வேலை செய்பவர். பள்ளியில் பயிலும் மகள், மகன். எழுபதைக் கடந்த பாட்டி. பாட்டியின் கணவர் அந்நாளில் வாங்கிப் போட்ட ஏறத்தாழ ஒன்றேகால் சென்ட் மனைதான் அவர்களுடைய ஒரே சொத்து. பதினெட்டு அடிக்கு முப்பது அடி. மொத்தம் 540 சதுர அடி. அதிலிருந்த பழைய ஓட்டு வீடு மழையில் இடிந்தபின் வாடகைக்குக் குடிபோயிருந்தனர். சேமிப்பும் சீட்டுப் பணமும் சேர்த்துக் கையில் இருந்தது 7 இலட்சம் ரூபாய்.

ஒருநாள் அவர்கள் வரைபடம் ஒன்றை எடுத்துக்கொண்டு நம்மிடம் வந்தனர். கீழும் மேலுமாக 900 சதுர அடி; முகப்பில் தூண்கள்; மாடியில் வளைவு. நாம் வரைபடத்தை ஒதுக்கி வைத்துவிட்டு ஒரு தாளை எடுத்தோம். இன்று கோவையில் சாதாரணக் கட்டுமானத்திற்கே சதுர அடிக்கு 2,000 ரூபாய்க்குக் குறையாமல் கேட்கின்றனர். அவ்வாறாயின் 900 சதுர அடிக்கு 18 இலட்சம். கையிருப்பு போக 11 இலட்சம் கடன். நூற்றுக்கு 9 வட்டியில் பதினைந்து ஆண்டுத் தவணை என்றால் மாதந்தோறும் 11,000 ரூபாய்க்கு மேல் செலுத்த வேண்டும். முடிவில் வட்டியாக மட்டும் 9 இலட்சம் போயிருக்கும். அக்குடும்பத் தலைவர் தாளை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். “முதுகு நிமிர்கிறவரைக்கும்தானே சாமி எனக்கு வருமானம்” என்றார். மாடி வேண்டாம் என்பது அப்பொழுதே முடிவாயிற்று.

கட்டுமுன் மனையின் பத்திரங்களைப் பார்க்கச் சொன்னோம். பட்டா, வில்லங்கச் சான்று, வரி ரசீது ஆகிய மூன்றும் சரியாக இல்லாத இடத்தில் ஒரு செங்கல்லும் வைக்கலாகாது. உக்கடத்து மக்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. கோவைக் குளக்கரைகளில் பல்லாண்டு வாழ்ந்த எத்தனையோ குடும்பங்கள் கீரணத்தம், மலுமிச்சம்பட்டி, வெள்ளலூர் அடுக்குமாடிகளுக்குப் பெயர்ந்து போனதை அவர்கள் கண்டிருக்கின்றனர். பட்டா இல்லாத நிலத்தில் சிறுகச் சிறுகக் கட்டிய சுவருக்கு விலையில்லை. நல்ல வேளையாக அனுமதி பெறும் வழி இப்பொழுது எளிதாகியுள்ளது. 2,500 சதுர அடிக்கு மேற்படாத மனையில் சொந்த வீடு கட்டுவோருக்குச் சுயசான்று முறையில் இணையம் வழியே உடனடி அனுமதி வழங்கும் திட்டத்தைத் தமிழக அரசு 2024 ஜூலையில் தொடங்கியது.

கோட்டுக்குள் குடியிருந்து பார்த்தல்

பதினாறு அடிக்கு இருபது அடி, அதாவது 320 சதுர அடி என்று வீட்டின் அளவை வகுத்தோம். இங்கே ஓர் உண்மையைப் பலரும் அறிவதில்லை. ஒன்பது அங்குல வெளிச்சுவர் எழுப்பினால், இந்த 320-இல் ஏறத்தாழ 52 சதுர அடியைச் சுவரே எடுத்துக்கொள்ளும். குடும்பம் புழங்க எஞ்சுவது 268 சதுர அடிதான். உள்ளே குறுக்குச் சுவர்களை எழுப்பினால் அதிலும் குறையும். ஆகவே சிறு வீட்டில் அறைகளின் எண்ணிக்கையைக் கூட்டுவது இடத்தைக் குறைப்பதேயாகும்.

தாளில் உள்ள கோடு கண்ணை ஏமாற்றும். எனவே கோவில் முற்றத்தில் சுண்ணாம்புத் தூளால் வீட்டின் முழு அளவுக்கும் கோடு போட்டோம். கட்டில், தையல் இயந்திரம், அரிசிப் பீப்பாய், அடுப்பு ஆகியவற்றைக் கொண்டுவந்து அவரவர் சொன்ன இடத்தில் வைத்தோம். மகள் படிக்க வெளிச்சம் வேண்டிய மூலையைக் காட்டினாள். தையல் இயந்திரத்துக்குத் தெருப்பக்கச் சன்னலோரமே தக்கது என்று தாய் கண்டுகொண்டார். வரைபடத்தில் அழகாக இருந்த படுக்கையறையில் கட்டிலைப் போட்டபின் கதவைத் திறக்க முடியாது என்பதும் வெளிப்பட்டது.

ஓரமாக நின்றிருந்த பாட்டி அதுவரை வாய் திறக்கவில்லை. பிறகு வாசல் கோட்டருகே வந்து, “ஏனுங் சாமி, நாளைக்கு என் பெட்டி இந்த வாசல்ல திரும்புமுங்களா?” என்று கேட்டார். மருமகள் கடிந்துகொண்டார். ஆனால் கேள்வி சரியானது. நேர் எதிரே குறுக்குச் சுவர் வந்ததால், சவப்பெட்டியன்று, ஒரு பீரோவைக்கூட நான்கு பேர் தூக்கித் திருப்ப இயலாது. குறுக்குச் சுவரை இரண்டடி உள்ளே தள்ளினோம். வாசலை மூன்றரை அடியாக்கினோம். பிறப்பும் மணமும் இறப்பும் ஒரே வாசல் வழியாக நடைபெறும் சிறு வீட்டுக்கு அந்த மூன்றரை அடி அவசியமே.

குறைக்கக் கூடாதவை

சிக்கனம் என்றவுடன் கண்ணுக்குத் தெரியாதவற்றில் கை வைப்பது நம்மவர் வழக்கம். கடைக்காலின் ஆழத்தைக் குறைத்து, அந்தப் பணத்தை முகப்பில் போடுவர். இது தலைகீழான கணக்கு. கோவையின் மண் ஒரே சீரானதன்று. ஓரிடத்தில் செம்மண், சற்றுத் தள்ளிக் கரிசல். கரிசல் மண் மழையில் உப்பும், வெயிலில் சுருங்கி வெடிக்கும். மேலோட்டமான கடைக்கால் அதனோடு சேர்ந்து அசைந்து சுவரைப் பிளந்துவிடும். ரூர்க்கியில் உள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனம், இத்தகைய நிலத்துக்கென்றே அடியில் குமிழ்போல் விரியும் தூண் அடித்தள முறையை வகுத்தளித்தது. எல்லார்க்கும் அது தேவையில்லை. ஆனால் ஒரு குழி தோண்டி மண்ணைப் பொறியாளர் ஒருவரிடம் காட்டிவிட்டு ஆழத்தை முடிவு செய்வது எல்லார்க்கும் தேவை. குளக்கரையை அடுத்த பகுதியில், தரைமட்டச் சுவரின்மேல் ஈரத் தடுப்புப் பூச்சு இடுவதையும் விட்டுவிடலாகாது.

கழிப்பறை, மின்கம்பி, குடிநீர்க் குழாய், தளத்தின் கம்பி ஆகியவையும் குறைக்கக் கூடாதவை. மழைநீர் சேகரிப்பு நம் மாநிலத்தில் 2003 முதல் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயம். சட்டத்திற்காக அன்றி, நம் கிணறுகளுக்காகவே அதைச் செய்யலாம். மாடி பின்னாளில் எழுப்பப்படும் என்றால் அதற்கேற்ற கடைக்காலை இப்பொழுதே இட வேண்டும். மாடியை மகன் கட்டுவான். கடைக்காலை மகன் வந்து மாற்ற இயலாது.

குறைக்கக் கூடியவை

உக்கடம் பேருந்து நிலையத்தில் ஏறினால் பாலக்காட்டைக் கடந்து கேரளத்துக்குள் போய்விடலாம். அங்கே சிக்கன வீடுகளுக்காகவே வாழ்நாளைக் கொடுத்தவர் லாரி பேக்கர். 1917-இல் இங்கிலாந்தில் பிறந்து, 1945-இல் தொழுநோயாளர் இல்லங்களைக் கட்டும் பணிக்காக இந்தியா வந்து, நம் நாட்டுக் குடிமகனாகி, 2007-இல் திருவனந்தபுரத்தில் காலமானவர். 1970-களின் தொடக்கத்தில் ஏழைகளுக்கான வீடுகளைக் கட்ட அவரை அழைத்தவர்களுள் திருவனந்தபுரத்துப் பேராயர் மார் கிரகோரியோஸ் அவர்களும் ஒருவர். வீட்டுக்கான பொருள்களை ஐந்து மைல் சுற்றுக்குள்ளேயே தேட வேண்டும் என்ற காந்தியடிகளின் கருத்தைப் பேக்கர் தம் தொழிலின் விதியாகக் கொண்டார். 1985-இல் திருச்சூரில் தொடங்கிய கோஸ்ட்ஃபோர்டு நிறுவனம் அவர் முறைகளை இன்றும் பரப்பி வருகிறது.

அவற்றுள் ஒன்று எலிப்பொறிக் கட்டு. செங்கல்லைப் படுக்க வைக்காமல் பக்கவாட்டில் நிறுத்திக் கட்டுவர். சுவரின் நடுவில் வெற்றிடம் அமையும். ஒன்பது அங்குலச் சுவருக்கு ஏறத்தாழ கால் பங்குச் செங்கல் மிச்சம். வெற்றிடத்துக் காற்று வெயிலையும் தடுக்கும். மற்றொன்று ஓடு பதித்த தளம். காங்கிரீட் தளத்தின் அடிப்பகுதியில் சுமை தாங்காத இடங்களில் பழைய மங்களூர் ஓடுகளைப் பதித்துவிடுவதால் சிமெண்டும் கம்பியும் குறையும். வீடும் சற்றுக் குளிரும். பழகாத மேஸ்திரி இவற்றைக் கண்டு தயங்குவார். செய்து பழகியவரைத் தேடிப் பிடிப்பதே நன்று. சோதனைக்கூடம் நம் வீடாக இருத்தல் ஆகாது.

செங்கல்லைப் பற்றியும் ஒரு சொல். தடாகம் பள்ளத்தாக்கின் சூளைகள் கோவைக்கு நெடுங்காலம் செங்கல் அளித்தன. செம்மண் ஆழத் தோண்டப்பட்டு, ஓடைகளும் யானைகளின் வழிகளும் சிதைகின்றன என்று முறையீடுகள் எழுந்தன. உரிமமின்றி இயங்கிய அச்சூளைகள் 2021-இல் மூடப்பட்டன. இன்று நிலக்கரிச் சாம்பலில் செய்த கற்களைப் பலரும் பயன்படுத்துகின்றனர். ஒழுங்கான அளவில் இருப்பதால் அவற்றுக்குப் பூச்சுச் செலவும் குறைவு.

எஞ்சியவை எளியவை. உட்சுவருக்கு வெள்ளையடிப்பு போதும். தரைக்குச் சிவப்புக் காவி. அடுக்குகளுக்கு மர அலமாரிக்குப் பதில் கடப்பைக் கல். இடிக்கப்படும் பழைய வீடுகளின் தேக்கு நிலையும் கதவும் புதியவற்றைவிடக் குறைந்த விலைக்குக் கிடைக்கும், உறுதியும் மிகுதி. வேலை தொடங்கியபின் சுவரை இடித்து மாற்றுவதைப்போல் பணத்தைத் தின்பது வேறொன்றில்லை. மாற்றங்களையெல்லாம் சுண்ணாம்புக் கோட்டிலேயே செய்து முடித்துவிட வேண்டும்.

சிறிதாயிருப்பது இழிவன்று

இக்குடும்பத்தின் உறவினர் ஒருவர், “புறாக்கூண்டா கட்டுகிறாய்?” என்று கேட்டாராம். கொங்கு நாட்டில் இப்படிக் கேட்பது வியப்பே. தோட்டத்துச் சாளையில் பிள்ளைகளைப் பெற்று வளர்த்து, ஊருக்குச் சோறு போட்ட மண் இது. அரசுத் திட்டங்களும் அளவறிந்தே வகுக்கப்பட்டுள்ளன. 2015-இல் தொடங்கிய நகர்ப்புறப் பிரதம மந்திரி வீட்டுத் திட்டம் ஏழைக் குடும்பத்துக்கு வகுத்த உட்பரப்பு 30 சதுர மீட்டர். சுமார் 323 சதுர அடி. 2024-இல் ஊரகப் பகுதிகளுக்கென வந்த கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடிக்கு 3.5 இலட்சம் ரூபாய் வழங்கப்படுகிறது. நாமக்கல்லைச் சேர்ந்த அருண் பிரபு என்ற இளைஞர், சில ஆண்டுகளுக்கு முன், ஆட்டோ ஒன்றின்மேல் 36 சதுர அடியில் சமையலறை, கழிப்பறை, படுக்கை யாவும் அமைந்த நடமாடும் வீட்டை ஏறத்தாழ ஒரு இலட்சம் ரூபாயில் செய்து காட்டினார். ஒரு குடும்பம் அதில் வாழ முடியாது. ஆயினும் ஒவ்வோர் அங்குலத்தையும் எண்ணிப் பயன்படுத்தினால் எவ்வளவு அடங்கும் என்பதற்கு அது சான்று.

1845-இல் அமெரிக்காவில் வால்டன் குளக்கரையில் பத்தடிக்குப் பதினைந்தடியில் தம் கையாலேயே குடில் அமைத்த தோரோ, மொத்தச் செலவு 28 டாலர் 12½ சென்ட் என்று நூலில் எழுதி வைத்தார். ஆணியும் சுண்ணாம்பும், கோடு போட வாங்கிய சுண்ணக்கட்டியும்கூட அப்பட்டியலில் உண்டு. நம் குடும்பங்களும் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, அன்றன்று வந்த சிமெண்டு மூட்டையையும் கொடுத்த கூலியையும் இரவில் எழுதி வைக்கட்டும். எழுதுவதைப் பிள்ளைகளிடம் ஒப்படைத்தால், அப்பாவின் பணம் எப்படிச் சுவராகிறது என்பதை அவர்களும் அறிவர். மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கைத் தொடாமல் வைத்திருப்பது நன்று. மழையும் விலையேற்றமும் சொல்லிக்கொண்டு வருவதில்லை.

உக்கடத்துக் குடும்பத்தின் வீடு இப்பொழுது தளமட்டத்தை எட்டியுள்ளது. ஒரு ரூபாயும் வட்டிக்கு வாங்கவில்லை. மனையின் பின்புறம் பத்தடி வெறும் நிலமாக இருக்கிறது. பாட்டி அங்கே ஒரு முருங்கைக் கொம்பு நட்டிருக்கிறார்.

உற்றார் உறவினருக்கு ஒரு வேண்டுகோள். புதுமனை புகும் நாளில் சுவர்க் கடிகாரமும் பாத்திரமும் மொய்யாகக் கொண்டு வருகிறோம். ஒரே வீட்டுக்கு ஐந்து கடிகாரங்கள் வந்ததையும் கண்டதுண்டு. அந்த மொய்யைக் கடைக்கால் இடும் நாளிலேயே கொடுத்துவிடலாகாதா? சித்தப்பா பத்து மூட்டைச் சிமெண்டு, மாமா கழிப்பறைக் கதவு, அத்தை சமையலறைக் கடப்பைக் கல், அன்பியத்தார் ஒருநாள் சித்தாள் வேலை என்று பகிர்ந்துகொண்டால், கந்துவட்டிக்காரரின் படியை மிதிக்கும் தேவை பல குடும்பங்களுக்கு நேராது. வீடு கட்டப் போகிறோம் என்று உங்கள் தெருவில் யாரேனும் சொன்னால், எத்தனை மாடி என்று கேட்காதீர்கள். என்ன குறைகிறது என்று கேளுங்கள்.